பெட்டிக்குள் கிடக்கும் பட்டாளத்துத் தாத்தா

தில்லிவாழ் தமிழனுக்கு எழுதப்படாத கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட் மூன்றையும் காட்டியே ஆகவேண்டும். முதல் இரண்டுக்கும் ஏதாவது கதை சொல்லிச் சமாளித்து விடலாம். இந்தியா கேட்டில்தான் மாட்டிக்கொள்வோம். "இதுல யார் பேருப்பா எழுதியிருக்கு?" என்று யாராவது பெரியவர் கேட்பார். பாதிப்பேர் சுதந்திரப் போராட்டத் தியாகிகள் என்பார்கள். மீதிப்பேர் பாகிஸ்தான் சண்டை என்பார்கள்.

இரண்டும் இல்லை. 1931ல் திறக்கப்பட்ட அந்த வளைவில் இருக்கும் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப்போரிலும் 1919 ஆப்கன் போரிலும் செத்தவர்களுடையவை. இரண்டாம் உலகப்போரில் செத்தவர்கள் அதில் கிடையாது. பக்கத்திலேயே 2019ல் திறந்த தேசியப் போர் நினைவகம் சுதந்திரத்துக்குப் பிந்திய வீரர்களுக்கானது. இரண்டாம் போர்க்காரர்களுக்கான நினைவகம் தில்லி கண்டோன்மெண்டில், போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. 25,000க்கும் மேற்பட்டவர்களுக்கான இடம். அங்கே யாரும் சுண்டல் விற்பதில்லை, ஏனென்றால் யாரும் போவதில்லை.

நம் வீடுகளிலும் இதே கதைதான் என்பது என் கட்சி. இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை, தானாகச் சேர்ந்தவர்கள். சுமார் 87,000 பேர் திரும்பவில்லை. அப்படியென்றால் இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேருக்கு ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்திருக்க வேண்டும். எங்கே அவர்?

எங்கள் வீட்டில் இரண்டு பேர். என் தாத்தாவின் அண்ணனும் தம்பியும். பெரிய தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா போனார். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது இதெல்லாம்தான் அந்தப் படையின் வேலை. சின்ன தாத்தா அதற்கு முன்பே மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். 1943ல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபிறகு ஐ.என்.ஏ.வில் சேர்ந்துவிட்டார். மலேயாத் தோட்டங்களிலும் கடைகளிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த நேரம் அது.

1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இந்தியப் படை நியாங்ஊ பக்கம் ஐராவதி ஆற்றைத் தாண்டியபோது, எதிர்க்கரையில் ஐ.என்.ஏ. படையினரும் இருந்தார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே நாட்டில் இரண்டு கட்சியில். ஊரில் அந்தக் கிழவிக்கு இரண்டு பேரிடமிருந்தும் கடுதாசி இல்லை. அவள் வேண்டிக்கொண்டபோது யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டியிருப்பாள்?

இரண்டு பேரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கதையே. சின்ன தாத்தாவுக்குத் தியாகி பென்ஷன் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போடுவார்கள். அவர் படம் இன்றும் கூடத்தில் நேதாஜி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பெரிய தாத்தாவைப் போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போருக்கென்று எடுத்த பல லட்சம் பேருக்கும் அதுதான் நடந்தது. பல மாநில அரசுகள் மாதாந்திர உதவித்தொகை என்று கொடுக்க ஆரம்பித்ததெல்லாம் ரொம்பப் பிந்தி. அவருடைய பர்மா ஸ்டார் மெடல், ஆறு முனை நட்சத்திரம், தகரப் பெட்டியில் பழைய பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவரு வெள்ளைக்காரன் பட்டாளம்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

இந்த ஒரு வார்த்தைத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் போருக்கு இந்தியாவைக் கேட்காமலே இழுத்துவிட்டார்கள். அதே போரின் நடுவில் 1943ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். அந்த அரசாங்கத்துக்காகத் துப்பாக்கி தூக்கியவரை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். நான் கொண்டாடச் சொல்லவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ராஜ விசுவாசத்தினால் சேர்ந்தவரா அவர்? மழை பொய்த்த நிலம், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள், மூன்று வேளைச் சோறு, மாசம் தவறாத மணியார்டர். நாம் பெட்டி கட்டிக்கொண்டு தில்லிக்கும் புனேவுக்கும் வந்ததற்கு என்ன காரணமோ அதேதான். என்ன, நம்மை யாரும் சுடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஹிந்தி பேசியவர் அவர்தான். பட்டாளத்தில் ஹிந்துஸ்தானியை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். "இதர் ஆவ், ஜல்தி கரோ" என்று அவர் மாட்டை விரட்டியதை அத்தை இன்னமும் சொல்லிச் சிரிப்பார். கரோல் பாக்கில் காய்கறிக்காரரிடம் நான் பேசுகிற ஹிந்திக்கு அவர்தான் முன்னோடி. (அதைவிட மோசம் என்கிறாள் என் மகள்.)

ஞாபகம் என்பதே விசித்திரமானது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதன் பெயர் நூறு வருஷம் தாண்டியும் நம் வாயில் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். எதிரிக் கப்பலின் பெயர் தெரிகிறது. சுபேதார் சுப்பிரமணியன் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர், நம்மூர்த் தமிழர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போவது தெரிந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் நடுகல் நட்டுப் பெயர் வெட்டிய நாடு இது. 2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயது. எண்பது வருஷத்துக்கு முந்தியவரை நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் சர்தார்ஜி வீட்டில் முதல் உலகப்போருக்குப் போன கொள்ளுத்தாத்தா படம் சாமி படத்துக்குச் சமமாக இருக்கிறது. அவர்களுக்கு அது போதவில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் தூங்கிய பதிவேடுகளைத் தூசி தட்டி, 3,20,000 பஞ்சாப் வீரர்களின் விவரங்களை 2021ல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். கிராமத்தின் பெயரைப் போட்டால் யார் யார் போனார்கள் என்று பார்க்கலாம். நம் பக்கத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். அது வரும்வரை நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம். பல பெயர்களோடு அப்பா பெயர், ஊர், ஜில்லாவும் இருக்கும். ஆனால் எழுத்துக்கூட்டல் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி இருக்கும். தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும் திருச்சியை ட்ரிச்சினாப்போலி என்றும் போட்டுப் பாருங்கள். திரும்பி வந்தவர் என்றால் வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள எண்தான் சாவி. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் வெலிங்டனில் இருக்கிறது, சாப்பர்ஸ் மையம் பெங்களூரில். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போனை எடுங்கள். போருக்குப் போனவர்களில் இன்று யாராவது இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார்கள். ஆனால் வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் எண்பது சொச்சம் வயதில் ஊரில் இருக்கிறார்கள். எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்காதீர்கள். மணியார்டர் யார் வாங்கினார்கள், கடுதாசியை யார் படித்துக் காட்டினார்கள், வந்தவர் ராத்திரியில் தூங்கினாரா என்று கேளுங்கள். நான் கேட்டபோது என் அத்தை ஒன்றரை மணி நேரம் பேசினார். பெரிய தாத்தா மழைக்காலத்தில் மட்டும் திண்ணையில் படுக்கமாட்டாராம், அட்டை ஏறும் என்பாராம். எங்கள் ஊரில் ஏது அட்டை? அது பர்மா மழை.

சென்ற பொங்கலுக்குப் போனபோது அந்த மெடலைத் துடைத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். சின்ன தாத்தா படத்துக்குப் பக்கத்திலேயே. சித்தப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாடா?" என்றார். ஒன்று இல்லைதான் சித்தப்பா. ஆனால் ரெண்டு பேரும் நம் வீடு.