இறக்கை வைத்த மேஜை

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்த சாப்பாட்டு மேஜையாம். மூன்று தலைமுறையாக வீட்டில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பலகை தொங்கும். தூக்கிவிட்டு, காலை இழுத்து முட்டுக் கொடுத்தால் வட்ட மேஜை. இப்போது ஒரு பலகை ஆடுகிறது. "தச்சர், ‘பேசாம நாலு ஆணி அடிச்சு நிறுத்தி, மேலே மைக்கா ஒட்டிடலாம்மா’ என்கிறார். குழந்தைக்கு ஒன்றரை வயது. அவள் மேல் விழுந்துவிடுமோ என்று பயம். சரி சொல்லிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அவசரப்படாதீங்க அம்மா! முதலில் தரையில் ஜமக்காளம் விரித்து, இரண்டு பேராக அந்த மேஜையைக் கவிழ்த்துப் பாருங்கள். விஷயமெல்லாம் அடியில்தான் இருக்கிறது.

இந்த மடக்கு மேஜை இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு பரவியது. சாப்பிடும் நேரத்தில் விரித்து, முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் தள்ளிவிடலாம். (இன்றைய ஃப்ளாட்டுகளுக்கும் இதுதானே வேண்டியிருக்கிறது!) அப்போது ஓக் மரம், கடைசல் பிடித்த கால்கள். கால் சட்டம் வாசல் கேட் மாதிரி திறப்பதால் ‘கேட்லெக்’ என்று பெயர். சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காலில் தோண்டிய துளைக்குள் நுழைத்து, குறுக்கே மர முளை அடித்து இறுக்கியிருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மஹாகனி வந்தது. அகலப் பலகை கிடைத்ததால் இறக்கையும் அகலமானது.

இறக்கையின் அடியில் வில் போல வளைந்த தேய்மானக் கோடு தெரிகிறதா? கால் வருஷக்கணக்காகப் போய்வந்த தடம் அது. வட்ட மேஜை என்றால் இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். கீல் ஓடும் திசையைவிடக் குறுக்கே கொஞ்சம் குறைவாக இருக்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். பழைய மேஜைக்கு இது நல்ல அடையாளம்.

இதை வைத்தே தச்சருக்குப் பதில் சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் பலகை உப்பும், வெயிலில் ஒடுங்கும். ஆணி அடித்துப் பிடித்து வைத்தால் அதற்குப் போக இடமில்லை, நடுவில் வெடித்துவிடும். மைக்காவோ ஒரு பக்கத்தை மூடும், மறு பக்கம் ஈரம் வாங்கும். பலகை வளைந்துகொள்ளும்.

ரொம்பச் சமர்த்தான வேலை, கீல் இருக்கும் இடம். நடுப்பலகையின் ஓரத்தைக் கால் வட்டமாக உருட்டியிருப்பார்கள், இறக்கையின் ஓரத்தை அதற்கேற்றபடி குழித்திருப்பார்கள். நம் முழங்கை மூட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கும். இடைவெளி விழாது, கீலும் மேலே தெரியாது. தச்சர்களின் மடக்கு அடிக்கோலைப் பார்த்து வைத்த பெயர், ‘ரூல் ஜாயின்ட்’. கீலின் முள் அந்த வட்டத்தின் மையத்தில் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை தள்ளினாலும் இறக்கை உரசி, உருட்டிய ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். இந்தக் கீலில் ஒரு தகடு நீளம், ஒன்று குட்டை. குழிவைத் தாண்டிப் போய் இறக்கையைப் பிடிப்பது நீளத் தகடுதான். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் கடைக் கீலை மாட்ட விடாதீர்கள்.

பலகை ஆடுவது பெரும்பாலும் திருகு தளர்ந்துதான். திருகைக் கழற்றி, துளையில் மெல்லிய மரச் சிம்பை வஜ்ஜிரம் தொட்டுச் செருகி, காய்ந்தபின் அதே திருகை முடுக்கச் சொல்லுங்கள். பழைய மேஜைகளில் ஒட்டியிருப்பதும் வஜ்ஜிரம்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இளகும், பிரித்துத் திரும்பப் பூட்டலாம். இன்றைய பசைகளில் பலவற்றை அப்படிப் பிரிக்க முடியாது.

குழந்தை விஷயம். உங்கள் பயம் நியாயமானது. மூட்டைவிட ஆபத்து அந்த நகரும் கால்தான். தவழ்கிற பிள்ளை அதைத் தள்ளினால் இறக்கை சடாரென்று இறங்கும். சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே விரலும் மாட்டும். அவள் கொஞ்சம் வளரும்வரை மடக்கியே வைத்து, நகரும் காலை நிலைக்காலோடு துணி நாடாவால் கட்டிவிடுங்கள், முடிச்சு அவளுக்கு எட்டாத உயரத்தில். விரிக்கும்போது இறக்கையை முழுக்கத் தூக்கிய பிறகே காலை இழுக்க வேண்டும். மடக்கும்போது ஒரு கை இறக்கையிலேயே இருக்கட்டும். விரித்த இறக்கை மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள். இடம் மாற்றும்போது இறக்கையைப் பிடித்துத் தூக்காமல் அடிச் சட்டத்தைப் பிடியுங்கள்.

கவிழ்த்துப் பார்த்தபின் அந்த வில் கோடு இருந்ததா, அளவு எவ்வளவு குறைந்தது என்று ஒரு கார்டு போடுங்கள்.