வரிசையில் நிற்கும் சம்பளம்
வளசரவாக்கத்தில் ஒரு சினிமா கம்பெனி வாசலில், ஆடிஷனுக்கு நின்ற வரிசையைப் போன வாரம் பார்த்தேன். உணவு டெலிவரி டி-ஷர்ட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, அதற்குள்ளிருந்தே இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார் ஓர் இளைஞர். ஹெல்மெட் கலைத்த முடிதான் எவ்வளவு வாரியும் படியவில்லை. நடிக்க வந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பது புதிதல்ல. நாகேஷ் ரயில்வேயில் இருந்தார், அந்தக்கால ஸ்ரீகாந்த் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். பகலெல்லாம் ஆபீஸ், மாலையில் சபா நாடகம் என்று இரண்டும் மோதிக்கொள்ளாமல் ஓடின. மாதம் பிறந்தால் சம்பளமும் வந்தது. விஜய் சேதுபதிகூடக் கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குள் நுழைந்தது கணக்காளராகத்தான். இன்றைய டெலிவரி பையனுக்கு நேரம் அவன் கையில் என்கிறார்கள். வேண்டாமென்றால் ஆப்பை அணைத்துவிடலாமாம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லி நாலு மணிக்கு உள்ளே கூப்பிட்டால், மதியச் சாப்பாட்டு ஆர்டர்கள் அத்தனையும் போயிற்று, அன்றைய இன்சென்டிவும் போயிற்று. அவனுடைய சுதந்திரத்துக்கான கட்டணம் அது. அதற்குப் பிறகு 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதில் வேறு. வாய்ப்புக் கொடுப்பது இயக்குநர் இஷ்டம். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவதும், இல்லையென்றால் இல்லையென்று ஒரு வரி செய்தி அனுப்புவதும் மரியாதை. தம்பிகளுக்கும் ஒன்று: ஆடிஷனுக்கே பணம் கேட்பவன் சினிமா எடுக்க வந்தவன் அல்ல. பைசா கொடுக்காதீர்கள்.