நீங்கதான் நீட்டா எழுதுவீங்க

மீட்டிங்ல பத்து பேர் உட்கார்ந்திருக்கோம். பத்து பேர் முன்னாடியும் லேப்டாப். பத்து பேருக்கும் டைப் அடிக்கத் தெரியும். ஆனா மினிட்ஸ் எழுதணும்னா மட்டும் ஏங்க எல்லார் கண்ணும் என் பக்கமே திரும்புது? "நீங்கதான் மேடம் நீட்டா எழுதுவீங்க"ன்னு ஒரு ஐஸ் வேற.

ஆயுத பூஜைக்குக் கோலம் யாரு? நாங்க. பர்த்டே கேக்? நாங்க. டீம் லஞ்சுக்கு யார் வெஜ், யார் நான்-வெஜ்னு கணக்கெடுக்கறது? சொல்லவே வேணாம். நான் புள்ளி வெச்சா வரிசை நேரா நிக்காது, அதை யார் கேட்டா? நாங்க கோலமாவோட குனிஞ்சிருக்கற நேரத்துல, டேட்டாபேஸை மாத்தறதா வேணாமான்னு நாலு பேர் எதிர்த்த டீக்கடையில நின்னு முடிவு பண்ணிட்டு வந்துடுவாங்க. அப்புறம் அப்ரைசல்ல சொல்வாங்க பாருங்க: "வேலையெல்லாம் சூப்பர், விசிபிலிட்டிதான் கம்மி." ஏன் சார், ரிசப்ஷன் வாசல்ல ஆறடிக்குப் போட்ட கோலம் விசிபிளா இல்லையா?

"ஐ.டி.ல பொண்ணுங்கதானே நிறைய"ம்பாங்க. சாயங்காலம் ஓ.எம்.ஆர். பக்கம் வந்தா அப்படித்தான் தோணும். டி.சி.எஸ். மாதிரி பெரிய கம்பெனியில மூணுல ஒரு பங்குக்கு மேல பெண்கள். சந்தோஷம். ஆனா 2023-ல அவங்களே ஆண்டறிக்கையில சொன்னாங்க: வேலையை விட்டுப் போறதுல வழக்கமா ஆண்களைவிடப் பெண்கள் கம்மி, அந்த வருஷம் அது தலைகீழாயிடுச்சுன்னு. வீட்லேர்ந்து வேலை பார்க்கறது முடிஞ்சதுகூட காரணமா இருக்கலாமாம். இருக்கலாமாவா! எங்க ஃப்ளோர்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே.

வீட்லேர்ந்து வேலை பார்க்கறது ஏதோ கொரோனா கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்காதீங்க. 1962-லயே இங்கிலாந்துல ஸ்டெஃபனி ஷெர்லின்னு ஒரு அம்மா, குழந்தை பிறந்ததால வேலையை விட்ட பெண்களைச் சேர்த்து, வீட்லேர்ந்தே புரோகிராம் எழுத வெச்சு ஒரு கம்பெனி நடத்தினாங்க. கான்கார்டு விமானத்தோட கறுப்புப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதினது அவங்க டீம்தான். ஆனா ஆர்டர் கேட்டு 'ஸ்டெஃபனி'ன்னு கையெழுத்துப் போட்டா பதிலே வராது. 'ஸ்டீவ்'னு போட ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் வந்துச்சாம். சிரிக்காதீங்க. நான் இனிஷியல் மட்டும் போட்டு அனுப்பற மெயிலுக்கு இன்னிக்கும் 'டியர் சார்'னுதான் பதில். அதுவும் சீக்கிரமா!

நம்ம நாட்டுல, ஒரு ஆபீஸ்ல அம்பது பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைகள் காப்பகம் வெச்சாகணும்னு 2017-ல சட்டம் வந்துச்சு. எங்க ஆபீஸ்லயும் இருக்கே! கதவுல யானைக்குட்டி ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு. உள்ளே உடைஞ்ச சேர், பழைய மானிட்டர், போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் மரம். சாவி யார்கிட்ட இருக்குன்னு அட்மினுக்கே தெரியாது.

அதே சட்டம்தான் மகப்பேறு லீவை 26 வாரமாக்குச்சு. லீவு குடுக்கறாங்க, இல்லைன்னு சொல்லல. திரும்பி வந்ததும் என்ன நடக்குதுங்கறதுதான் வயித்தெரிச்சல். என் தோழி ஒருத்தி, பேமென்ட் மாட்யூல் முழுக்க அவ கட்டினது. லீவு முடிஞ்சு வந்தா அது வேற பையன் கையில. "உங்களுக்கு பிரஷர் வேணாம்னுதான் டாக்குமென்டேஷன் குடுத்திருக்கோம்." பாசம்! கேட்டாளா அவ? ராத்திரி ரிலீஸ்லேர்ந்தும் தூக்கியாச்சு, கேப் போடணும், கூட செக்யூரிட்டி அனுப்பணும், எதுக்கு வம்புன்னு. அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்ல அவ பேர் இல்ல. காரணம்? ப்ரொடக்‌ஷன் அனுபவம் பத்தாதாம்.

போன மாசம் அந்த மாட்யூல் நடு ராத்திரியில படுத்துடுச்சு. யாருக்கு போன் வந்திருக்கும்ங்கறீங்க? "அக்கா, இந்த ஃபங்ஷனை ஏன்க்கா இப்படி எழுதியிருக்கீங்க?" குழந்தையை மடியில போட்டுக்கிட்டே ஒவ்வொரு லைனா சொல்லிக் குடுத்திருக்கா. காலையில டைரக்டர்கிட்டேர்ந்து மெயில், அந்தப் பையன் பேர் போட்டு, ராத்திரி முழுக்கக் கண் முழிச்சதுக்கு நன்றின்னு. இவ பேரும் இருந்துச்சு, சி.சி.யில.