பொய்க் குறிக்கு முழுப் புள்ளியா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புனரமைப்பவர்களிடையே விசித்திரமான வழக்கம் ஒன்று வேரூன்றியுள்ளது. காரின் அடிச்சட்டத்திலிருந்து துருவையும் பழைய வர்ணத்தையும் முற்றாக நீக்கிப் புதிதாக்குகின்றார்கள். அதன் பின்னர், அரை நூற்றாண்டுக்கு முன்னர் தொழிற்சாலைப் பரிசோதகர் வெண்கட்டியால் இட்ட கிறுக்கல்களை அதே இடத்தில் தாமே மீண்டும் கிறுக்குகின்றார்கள். போட்டி நடுவர்கள் குனிந்து பார்த்துப் புள்ளி வழங்குகின்றார்கள். அழிக்கப்பட்ட சாட்சியத்தின் நகலுக்குப் பரிசளிக்கும் இந்த முறை தவறானது என்பதே என் வாதம்.

தொழிற்சாலை நிலையை அளவுகோலாகக் கொண்டதில் தவறில்லை. அமெரிக்காவின் கோர்வெட் காரை எடுத்துக்கொள்வோம். 1953 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் 300 கார்கள் மாத்திரமே தயாரிக்கப்பட்டன. அனைத்தும் வெள்ளை நிறம்; உட்புறம் சிவப்பு. அதன் பின்னர் 1981 வரை சென் லூயிஸ் நகரில் உற்பத்தி நடந்தது. வேகமாக நகரும் உற்பத்தி வரிசையில் தெளித்த வர்ணம் சில இடங்களில் வழிந்திருக்கும். சில இடங்களில் தடித்திருக்கும். பிற்காலத்து உரிமையாளர்கள் இக்குறைகளை எல்லாம் மறைத்து, தொழிற்சாலை ஒருபோதும் தந்திராத பளபளப்பை ஏற்றினார்கள்.

இந்த மினுக்கத்துக்கு எதிரான நல்ல மருந்தாகவே 1974 இல் தோன்றிய தேசிய கோர்வெட் புனரமைப்போர் சங்கத்தின் அளவுகோல் அமைந்தது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே இருத்தல் வேண்டும். அதைவிட அழகாக இருந்தாலும் புள்ளி குறையும். 94 வீதம் பெற்றால் ‘டொப் ஃபிளைட்’ என்ற உயர் விருது. ஒரு காரை ஆவணமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பணியை மதிக்கின்றேன்.

ஆனால், ‘அப்படியே இருத்தல்’ என்பது காலப்போக்கில் ‘அப்படித் தோன்றுதல்’ ஆகிவிட்டது. இதனால் விளைந்த கேட்டை எஞ்சினில் காணலாம். சிலிண்டர் புளொக்கில் அது வார்க்கப்பட்ட திகதி இருக்கும். ‘ஏ’ என்ற எழுத்து ஜனவரியைக் குறிக்கும். புளொக்கின் முன்புறத்துச் சிறு தளமொன்றில் எஞ்சின் பொருத்தப்பட்ட திகதிக் குறியும், பெரும்பாலான ஆண்டுகளின் கார்களில் காரின் தொடரிலக்கத்தின் பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கும். இலக்கங்கள் பொருந்தினால் விலை பன்மடங்கு ஏறும். ஆகவே வேறோர் எஞ்சினின் தளத்தைச் சீவி, வேண்டிய இலக்கத்தைப் புதிதாகப் பொறிக்கின்றார்கள். தொழிற்சாலை இயந்திரம் அத்தளத்தில் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகளையும் போலியாக உண்டாக்குகின்றார்கள். அதைச் சொல்லாமல் விற்றால், காணி உறுதியைத் திருத்தி எழுதுபவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

“நாங்கள் மதிப்பிடுவது தோற்றத்தையும் கைத்திறனையும்தான், வரலாற்றை உறுதிப்படுத்துவதாக ஒருபோதும் சொல்லவில்லை” என்று சிலர் பதிலளிக்கலாம். அப்படியாயின் விருதுச் சான்றிதழ் ஏன் காரோடு சேர்ந்து ஏலத்துக்குப் போகின்றது? வாங்குபவர் அதை வரலாற்றுச் சான்றாகவே வாசிக்கின்றார் என்பதை அறியாதவர் எவருமில்லை.

இதனிலும் பெரிய இழப்பு வேறொன்று. 80 வீதத்தில் நிற்கும் ஒரு பழைய காரின் உரிமையாளர் 94 ஐ எட்டுவதற்கு என்ன செய்வார்? மங்கிப்போன, ஆனால் உண்மையான இருக்கை உறையை வீசிவிட்டு, நேற்றுத் தைத்த நகலை மாட்டுவார். புள்ளி ஏறும், சாட்சியம் குப்பைக்குப் போகும். புனரமைக்கப்படாத கார்களுக்கு அதே சங்கம் தனி விருதொன்றை வழங்குவது வரவேற்கத்தக்கது. எனினும் ஓரத்தில் ஒரு விருதை வைப்பதால் பிரதான ஏணியின் கோணல் நிமிர்ந்துவிடாது.

பாகம் மாறிய கார் எல்லாம் போலி என்று நான் சொல்லவரவில்லை. ‘ஓல்ட் நம்பர் வன்’ எனப்படும் பென்ற்லி கார் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லு மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 10 மில்லியன் பவுண் விற்பனை ஒப்பந்தம் ஒன்று, இது அசலா என்ற கேள்வியோடு 1990 இல் ஆங்கிலேய உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1929 இல் ஓடிய காரின் பாகங்கள் ஏறத்தாழ எவையும் எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது என்பதால் அதுவே உண்மையான கார் என நீதியரசர் ஒற்றன் தீர்ப்பளித்தார். எந்தப் பாகம் எப்போது மாறியது என்பதை ஆராய்ந்தே அம்முடிவுக்கு வரமுடிந்தது. மாற்றம் குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் 2024 ஆம் ஆண்டு, புனரமைக்கப்படாத 1934 ஆம் ஆண்டு புகாட்டி கார் முதற்பரிசை வென்றது. பேணற் பிரிவைச் சேர்ந்த கார் ஒன்று அங்கு அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதற்தடவை. காற்றுத் திசை மாறுகின்றது. ஆனால் விதிகளும் மாறவேண்டும்.

தேய்ந்த அசற் பாகத்துக்குக் குறையற்ற நகலைவிடக் கூடுதற் புள்ளி வழங்கப்படல் வேண்டும். மீண்டும் வரைந்த குறிகளுக்குப் புள்ளியே கூடாது. மாற்றிய பாகங்களினதும் மீளப் பொறித்த இலக்கங்களினதும் பட்டியலை உரிமையாளர் கையொப்பமிட்டுக் காரின் அருகே வைத்தல் வேண்டும். மறைத்தது தெரியவந்தால் விருது பறிக்கப்படல் வேண்டும்.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் நேர்மையான பதிப்பாசிரியர், செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். தாமே ஓர் அடியை இயற்றிப் புலவர் பெயரில் ஏற்றமாட்டார். அந்த நேர்மையைக் கார்களைப் புனரமைப்பவர்களிடமும் நடுவர்களிடமும் எதிர்பார்ப்பது பேராசையா?