முத்துக்கரைக்கு ஒரு படவிழா

கல்வி ஏட்டோடு முடிவதன்று; கண்டும் கேட்டும் அறிவனவும் கல்வியே. இக்காலத்து மக்கள் அங்ஙனம் அறிவனவற்றுள் பெரும்பங்கு திரைப்படத்தின் வாயிலாக வருதலால், எதனைக் காண்பது, எவ்வாறு காண்பது என்னும் வினா கல்லூரிகளுக்குப் புறம்பானதன்று. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட இம் முத்துக்கரைக்கு ஆண்டுதோறும் ஒரு படவிழா வேண்டும் என்பதே யாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

கொட்டகைகள் இல்லையோ? கையிலுள்ள கருவியிலேயே உலகப் படங்கள் கிடைக்கின்றனவே என்று சிலர் வினவக்கூடும். கிடைத்தல் வேறு, தேர்ந்து, ஒருங்கு வைத்து, பலரோடு இருந்து காண்டல் வேறு. 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த இந்தியாவின் முதற் சர்வதேசப் படவிழா இதற்குத் தக்க சான்று. ஹிந்தியின் ‘ஆவாரா’வும் தெலுங்கின் ‘பாதாள பைரவி’யும் இடம்பெற்ற அவ்விழாவிலேயே இத்தாலியின் ‘சைக்கிள் திருடர்கள்’ படமும் காட்டப்பெற்றது. சைக்கிளைப் பறிகொடுத்துத் தெருத்தெருவாய் அலையும் அவ்வேழையாக நடித்தவர் நடிகரல்லர். ஓர் ஆலைத் தொழிலாளி. அப்படத்தைக் கண்டு உள்ளம் கிளர்ந்த பிமல் ராய், 1953இல் ‘தோ பீகா ஜமீன்’ என்னும் படத்தில் நிலமிழந்த உழவன் ஒருவனின் துயரைக் காட்டினார். ஒரு விழா விதைத்தது ஓராண்டில் முளைத்தது. நம் பக்கத்து மதுரையிலும் 1998இல் ஆவணப்பட, குறும்படவிழா தொடங்கப்பெற்றது. மதுரைக்கு இயன்றது நமக்கு இயலாதோ?

அவ்விழாவில் எவை காட்டப்பெறல் வேண்டும்? முதலாவது, 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையாகச் சிவாஜி கணேசன் நடிக்க, பி. ஆர். பந்துலு இயக்கிய இப்படம், வந்த நாளில் வசூலில் தோற்றது. சந்தை தள்ளியதை ஊர் மறவாமல் எடுத்துக் காட்டுதல் படவிழாவின் கடமைகளுள் ஒன்று.

இரண்டாவதாக, ‘நீர்ப்பறவை’ (2012), ‘கடல்’ (2013) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்தல் வேண்டும். இரண்டிலும் மணப்பாட்டின் மணல்மேடும் அலையும் நமக்கு அறிமுகமான முகங்களைப்போல் தோன்றும். இரண்டிற்கும் எழுதியவர் ஜெயமோகன். எனினும் முன்னது, கடலுக்குச் சென்று மீளாத மீனவனையும் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவியையும் பற்றியது. பின்னது, தாயற்ற சிறுவன் ஒருவனை முன்வைத்து நன்மையும் தீமையும் பொருதுவது. ஒன்றில் கடல் வாழ்வு. மற்றொன்றில் கடல் பெரும்பாலும் காட்சி. இவ்வேறுபாட்டைப் பரதவர் இல்லத்துப் பெரியோரே மேடையேறி எடுத்துரைப்பாராயின், எத்துணை விமரிசகரும் அதற்கு ஈடாகார்.

மூன்றாவதாக, அயல்நாட்டுக் கரைகள் இரண்டு. 1948இல் விஸ்கோண்டி எடுத்த ‘நிலம் நடுங்குகிறது’ என்னும் படத்தில் சிசிலித் தீவின் மீனவரே நடித்தனர்; தம் வீட்டு மொழியிலேயே பேசினர். அம்மொழி பிற இத்தாலியர்க்கே எளிதில் விளங்கவில்லை. ஆயினும் இயக்குநர் அதனை மாற்றவில்லை. நம் கரைப்பேச்சைக் கேட்டு நகைப்போர் இதனை ஒருமுறை காண்பாராக. மற்றொன்று, பிளாஹர்ட்டியின் ‘ஆரன் மனிதன்’ (1934). அயர்லாந்துத் தீவினர் சுறா வேட்டையாடும் காட்சி அதிற் சிறந்தது. ஆனால் அவ்வேட்டையை அத்தீவினர் பல்லாண்டுகட்கு முன்னரே கைவிட்டிருந்தனர். படத்திற்காக அதனைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. தொழில் மறைந்த பின்னர் வரும் படக்கருவி, மெய்யைப் பதியாது, வேடத்தையே பதியும்.

இவ்விடத்தேதான் நம் கவலை தொடங்குகின்றது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் நிகழ்ந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் இந்நகரின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்தினைச் செயற்கை முறையில் விளைவித்தனர்; எனினும் பாரில் மூழ்கிச் சிப்பியெடுக்கும் பழந்தொழில் மீளவில்லை. வ. உ. சி.யின் கப்பல் திரையில் ஓடிய அதே ஆண்டில், கொற்கை நாள் முதல் நம் கரைக்குப் பெயர் தந்த தொழில் கரையேறிவிட்டது. யாம் மேலே கூறிய தமிழ்ப் படங்களுள் எதுவும் அதனைப் பற்றியதன்று. அன்று இருபது வயதில் கல்லைக் கட்டிக் கடலடி சென்றவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். எத்தனை பாகம் ஆழம் இறங்கினர், மூச்சை எங்ஙனம் அடக்கினர், மேலே கயிறு பிடித்தவரை எவ்வளவு நம்பினர் என்பனவற்றை நூல்கள் ஒருவாறு கூறும். அவர்தம் குரலிற் கேட்பது வேறு. அக்குரல் அடங்கிய பின்னர் நடிகர்க்கு மூழ்கக் கற்பித்துப் படமெடுத்தல் ஆரன் தீவின் கதையாகவே முடியும்.

ஆதலின் விழாவின் நான்காம் பகுதி மாணவரே ஆக்கித் தருவதாக இருத்தல் வேண்டும். வேம்பாரும் புன்னைக்காயலும் மணப்பாடும் தொலைவிலுள்ளவை அல்ல. பெரும் பொருளும் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு முதியவரை நாடி, அவர் இசைவு பெற்று, அவர் மொழியிலேயே பேசவிட்டு, பத்து நிமிடம் பதிவு செய்து வந்தால் போதும். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் படக்கருவியைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் படங்காட்டினார். அவ்வழியே நாமும் அப்பதிவுகளைக் கல்லூரி மண்டபத்தில் மட்டும் காட்டாது, பேசியோர் வாழும் ஊர்த்திடலிலும் காட்டுவோமாக. துறைமுகத்திலும் கப்பல்களிலும் பணிபுரியும் பழைய மாணவர் இதற்குக் கைகொடுப்பர் என நம்புகின்றோம். படம் எடுக்கும் ஆற்றல் இன்று எவர்க்கும் உண்டு. சொல்வதற்குரியார் மட்டும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அடுத்த ஆண்டு என்று ஒத்திவைத்தல் இப்பணிக்கு ஆகாது.