படகு எந்த நாட்டுடையது? பணம் யார் கைக்குப் போகிறது?

ஆண்டுதோறும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் காலித் துறைமுகத்திற்குப் பாய்மரப் படகுகள் வந்து சேரும். தாய்லாந்துப் பக்கமிருந்து வடகீழ்ப் பருவக் காற்றைப் பிடித்துக்கொண்டு இந்து சமுத்திரத்தைக் கடப்பவர்கள் தண்ணீர், டீசல், மரக்கறி என்று வாங்கிக்கொண்டு சில நாட்கள் தங்கிப் போவார்கள். கயிறு, பெயின்ட், கறள் பிடிக்காத போல்ட் நட் தேவைப்படுபவர்கள் எனது ஹார்ட்வெயார் கடைக்கும் வருவதுண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் அப்படி வந்தவர் ஓர் அமெரிக்கர். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். மனைவியும் அவரும் மட்டும் ஒரு படகில் உலகைச் சுற்றுகிறார்கள். நான் கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டே தனது படகு வாங்கிய கதையைச் சொன்னார். வியாபாரம் செய்யும் எம் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் பட்டதனாலேயே இதை எழுதுகிறேன்.

அவர் படகு வாங்கியது 2003 ஆம் ஆண்டில். ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்த ஆண்டு அது. அந்த யுத்தத்திற்குப் பாதுகாப்புச் சபையில் சம்மதிக்க முடியாது என்று பிரான்ஸ் பகிரங்கமாகவே சொல்லியிருந்தது. அமெரிக்காவில் பிரான்ஸ் மீது பெருங்கோபம் கிளம்பியது. அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் ‘பிரெஞ்சு ஃப்ரைஸ்’ என்ற உருளைக்கிழங்குப் பொரியலின் பெயரை ‘சுதந்திரப் பொரியல்’ என்று மாற்றினார்கள். பிரான்ஸிலிருந்து வந்த மதுவை வீதியில் ஊற்றினார்கள். வியாபாரியாக எனக்கு இதில் சிரிப்புத்தான் வந்தது. வாங்கிய போத்தலுக்குக் காசு ஏற்கனவே போய்விட்டது. ஊற்றினால் யாருக்கு நட்டம்?

எமது ஆசிரியர் வாங்க நினைத்த படகு ‘பெனெத்தோ’. பிரான்ஸின் வென்டே பகுதியில் 1884 இல் மீன்பிடிப் படகு கட்டத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. பின்னாளில் உலகின் பெரிய பாய்மரப் படகுக் கம்பனிகளில் ஒன்றாக வளர்ந்தது. அவர் அங்கத்தவராயிருந்த படகுச் சங்கத்தில் நண்பர்கள் பிடித்துக்கொண்டார்களாம். “எமது பிள்ளைகள் யுத்தத்திற்குப் போயிருக்கும் நேரத்தில் பிரான்ஸ்காரனுக்குக் காசு கொடுக்கப் போகிறாயா?” என்று கேட்டவர்களில் அவரது சொந்தத் தம்பியும் ஒருவர். மகனைப் படைக்கு அனுப்பிய தகப்பன் அவர். ஆகவே அந்தக் கேள்வியைச் சும்மா தட்டிவிட முடியவில்லை என்றார்.

அவர் செய்த வேலை எனக்குப் பிடித்தது. கோபப்படவுமில்லை, தர்க்கம் செய்யவுமில்லை. படகை ஒவ்வொரு துண்டாக விசாரித்தார். படகின் உடல் கட்டப்பட்டது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள மேரியன் என்ற சிற்றூரில். பெனெத்தோ கம்பனி 1986 இல் அங்கே தொழிற்சாலை திறந்திருந்தது. எஞ்சின் ஜப்பானின் யன்மார். கயிறு இழுக்கும் வின்ச் அமெரிக்காவின் ஹார்கன். “இந்தப் படகை நான் வாங்காமல் விட்டால் முதலில் வேலை போவது மேரியனில் உள்ள அமெரிக்கத் தொழிலாளிக்குத்தான்” என்று தம்பியிடம் சொன்னாராம்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். பசுபிக்கைக் கடக்குமுன் பழைய பாய்களை மாற்றி, ‘நோர்த் செயில்ஸ்’ என்ற அமெரிக்கக் கம்பனியிடம் புதிய பாய் எடுத்திருக்கிறார். அதிலே இலங்கையில் செய்தது என்று எழுதியிருந்ததாம். அந்தக் கம்பனிக்கு எமது நாட்டில் தொழிற்சாலை இருக்கிறது. உலகப் போட்டிகளில் ஓடும் படகுகளின் பாய்களை எமது பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் இங்கேதான் செய்கிறார்கள். மரக்கலத்தில் வந்து இறங்கியவர்கள் என்பதால் ‘மரக்கல’ என்று பெயர் வாங்கிய சமூகம் நாம். இத்தனை வருடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் எம்மவர்களில் ஒரு சாரார், “பார்த்தீர்களா, இதனால்தான் வியாபாரத்தில் அரசியலைக் கலக்கக் கூடாது” என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படகிலேயே அதற்கு மறு உதாரணமும் இருக்கிறது.

விலை உயர்ந்த படகுகளின் மேல்தளத்திற்குத் தேக்குப் பலகை போடுவார்கள். எண்ணெய்ப் பிடிப்பான மரம். உப்புத் தண்ணீருக்கு உழுத்துப் போகாது, நனைந்தாலும் கால் வழுக்காது. அதிலும் பர்மாத் தேக்குக்குத்தான் மதிப்பு. அந்த நாட்டில் காட்டு மரம் அரசின் சொத்து. அதை வெட்டி விற்கும் உரிமை மியன்மார் மரக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனத்தின் கையில். 2017 ஓகஸ்டில் அந்த நாட்டு இராணுவம் தொடங்கிய நடவடிக்கையில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2021 பெப்ரவரியில் அதே இராணுவம் ஆட்சியையும் பிடித்தது. அதன் பிறகு அந்தக் கூட்டுத்தாபனத்தின் மீது ஏப்ரலில் அமெரிக்காவும், ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. சட்டத்துக்கு மாறாக மியன்மார் தேக்கை இறக்கியதற்காக 2024 இல் பிரித்தானியாவின் பிரபல சொகுசுப் படகுக் கம்பனி ஒன்று நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெனெத்தோ படகில் ‘பிரான்ஸ்’ என்பது ஒரு பெயர். அந்தப் படகை வாங்குவதால் பிரான்ஸ் அரசின் வெளிநாட்டுக் கொள்கைக்கு ஒரு சதமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. தேக்குப் பலகையில் கொடுக்கும் காசோ, கை மாறி மாறியேனும், துப்பாக்கி வைத்திருப்பவன் பெட்டிக்கே போய்ச் சேருகிறது. முன்னையதை விலக்கியவர் ஒரு பெயரோடு சண்டை பிடித்தார். பின்னையதை விலக்குபவர் ஒரு செயலுக்குக் காசு கொடுக்க மறுக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த நாட்டுச் சாமான்?’ என்பதல்ல. ‘இந்தக் காசு யார் கைக்குப் போகிறது, அந்தக் கை என்ன செய்கிறது?’ என்பதே.

இது எமக்கு வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2006 பெப்ரவரியில் டென்மார்க் பத்திரிகையின் கேலிச் சித்திரங்களால் உலகெங்கும் முஸ்லிம்கள் கொதித்துப் போயிருந்த வேளை, எனது மச்சானின் சில்லறைக் கடைக்கு நாலைந்து இளைஞர்கள் வந்தார்கள். “நானா, இது டென்மார்க் சாமான். விக்க வாணாம்” என்றார்கள். அவர்களுடைய மனவேதனை உண்மையானது, மச்சானுக்கும் அதே வேதனைதான். தட்டிலிருந்த பன்னிரண்டு பிஸ்கட் டின்களையும் இறக்கி வைத்தார். இரவு கடை மூடியபின் டின்னைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ‘இந்தோனேசியாவில் தயாரித்தது’ என்றிருந்தது. டென்மார்க்கில் இருந்தது மூடியிலிருந்த பெயர் மட்டும்தான்.

அந்த நாட்களில் டென்மார்க்கின் ஆர்லா பாற்பண்ணைக் கம்பனிக்கு மத்திய கிழக்கில் விற்பனை அடியோடு நின்று, நாளொன்றுக்குச் சுமார் ஒரு கோடி குரோனர் இழப்பு என்று செய்தி வந்தது. ஆர்லா அப்போது டென்மார்க், சுவீடன் நாட்டுப் பால்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாக இருந்தது. சித்திரம் கீறியது பத்திரிகை, சுமை விழுந்தது மாடு வளர்ப்பவன் தலையில். கோபம் நியாயமாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த விலாசம் சரியில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் எமது கடைகளுக்கு என்ன நடந்தது என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் எவரும் குண்டு வைக்கவில்லை. வைத்தவர்களைக் காறித் துப்பினோம். இருந்தும் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். இருபது வருடம் என்னிடம் வாங்கியவர்கள் வீதியின் மறுபக்கத்தால் நடந்தார்கள். ஒரு சிங்கள மீனவச் சகோதரர் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்து, நூலும் போல்ட்டும் வாங்கி, ஒன்றும் பேசாமல் காசை வைத்துவிட்டுப் போனார். அன்றைய முழு விற்பனை 1,800 ரூபா. அந்தக் கணக்குப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று நாம் நாட்டைப் பார்த்துக் கேட்டது என்ன? பிறப்பைப் பார்த்துத் தண்டிக்காதீர்கள், செய்தவனைப் பிடியுங்கள் என்றுதானே? அதே நீதியை நாம் வாங்கும்போதும் விற்கும்போதும் பிடிக்காவிட்டால், நாளை இன்னொரு முறை அதைக் கேட்க எமக்கு வாய் இருக்குமா?

அப்படியானால் பகிஷ்கரிப்பே பிழையா? இல்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1959 இல் பிரித்தானியாவில் சாமான் பகிஷ்கரிப்புத் தொடங்கியது. அதில் கோரிக்கை தெளிவாக இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர்களே அதைக் கேட்டார்கள். எப்போது முடிப்பது என்பதும் தெரிந்திருந்தது. மாற்றம் உறுதியானதும் 1993 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நெல்சன் மண்டேலாவே எழுந்து, இனிப் பொருளாதாரத் தடைகளை நீக்குங்கள் என்றார். இன்று கேப் டவுனில் கட்டப்படும் இரட்டை உடல் பாய்மரப் படகுகளை உலகமே வாங்குகிறது. அவற்றை அவர்கள் ‘கட்டமரான்’ என்பது எமது கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஒதுக்கி வைத்த கதவு மறுபடி திறந்தது, ஏனெனில் திறப்பு எங்கே என்று பூட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2003 இல் பிரான்ஸை ஒதுக்கிய அமெரிக்கர்களிடம் அப்படியொரு திறப்பு இருக்கவில்லை. பிரான்ஸ் தன் நிலைப்பாட்டை மாற்றவுமில்லை, கோபம்தான் மெல்ல ஆறிப்போனது.

2023 ஒக்டோபரின் பின் காசாவில் நடந்ததைப் பார்த்து எமது கடைகளிலும் இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. பெண்களும் பிள்ளைகளும் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது யாருடையது?” என்று கேட்டார்கள். கேட்பது நல்லது. மனச்சாட்சி உள்ளவர்கள்தான் கேட்பார்கள். ஆனால் பதில் சொல்லும் பொறுப்பு எம்முடையது. கைபேசியில் வந்த பட்டியலை அப்படியே ஒப்புவிப்பது பதிலாகாது. எமது வர்த்தகச் சகோதரர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நான்கு விடயங்களைச் சொல்வேன்.

முதலாவது, மூடியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். எங்கே செய்தது, யார் இறக்குமதி செய்தது, யாருக்கு இலாபம் போகிறது என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லாதவர்களிடம் அடுத்த முறை ஓடர் குறையட்டும்.

இரண்டாவது, காசு கொடுத்து வாங்கி வைத்த சரக்கைக் கொட்டாதீர்கள். அந்தக் காசு போய்விட்டது. நிறுத்துவதென்றால் அடுத்த ஓடரை நிறுத்துங்கள். நிறுத்தியதையும் அதன் காரணத்தையும் கம்பனிக்கு ஒரு கடிதத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத பகிஷ்கரிப்பு கம்பனிக்காரனுக்கு வெறும் மந்தமான மாதம்.

மூன்றாவது, போட்டிக் கடைக்காரனை விழுத்துவதற்கு ‘அது அந்த நாட்டுச் சாமான்’ என்று கதை கட்டாதீர்கள். இது எம்மிடையே நடக்கிறது. 2019 இல் எமக்கு எதிராகக் கதை கட்டியவர்களில் எத்தனை பேர் உண்மையில் வியாபாரப் போட்டிக்காரர்கள் என்று நாம் பேசிக்கொண்டதை மறக்க வேண்டாம்.

நான்காவது, எஞ்சின், இயந்திரம் போன்ற பெரிய சாமான் வாங்குபவருக்கு அரசியலைக் கணக்கில் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தடைக்குள் விழக்கூடிய நாட்டில் செய்தது என்றால் உதிரிப்பாகம் நின்றுவிடும், மறுவிலை விழுந்துவிடும். 2022 இல் டொலர் இல்லாமல் எஞ்சின் உதிரிப்பாகத்துக்கு அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இது கோபம் அல்ல, முன்யோசனை.

அந்த ஆசிரியர் புறப்படும் நாளன்று கடைக்கு வந்து பாக்கியைத் தீர்த்தார். படகை வாங்கியபின் தம்பி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு வருடம் அந்தப் படகில் கால் வைக்கவில்லையாம். மகன் யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு தானாகவே வந்து ஏறினாராம். அன்று இருவரும் பிரான்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றார்.

அவர் வாங்கியது சரியா, தம்பி கோபித்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர் விசாரித்துவிட்டு வாங்கினார். விசாரித்துவிட்டு வாங்காமல் விட்டிருந்தாலும் நான் மதித்திருப்பேன். விசாரிக்காமல் வாங்குவதும் விசாரிக்காமல் விலக்குவதும்தான் எம்மை மற்றவர்களின் கைப்பொம்மை ஆக்குகின்றன.