பிரகடனமும் பிரஜைகளும்

செங்கற்பட்டு ஜில்லாவில், மாமல்லைக் கரையில், பாறையைக் குடைந்த பல்லவர் ராஜ்யம் மறைந்து ஆயிரம் வருஷங்களுக்கு மேலாயின. அக்கரையில் வலைவீசும் ஜனங்களோ இன்றும் இருக்கின்றனர். இவ்வுண்மையை மறந்த பிரகடனங்களின் கதி யாது?

பிரிட்டிஷ் ஆட்சி கலையவிருந்த 1947 ஜூன் மாதத்தில், திருவிதாங்கூர் தனி ராஜ்யமாகுமென்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். மேலாதிக்கம் நீங்கினால் ஸமஸ்தானம் சுயேச்சை பெறும் என்பது அவர் வாதம். சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. பிரஜைகளின் சம்மதமே இல்லை. ஜூலை 25-ல் அவர் வெட்டப்பட்டார். அக்கொடுஞ் செயலை நாம் ஒருபோதும் ஆமோதியோம். அம்மாத முடிவுக்குள் மகாராஜா இந்திய யூனியனில் சேர இசைந்தார்.

யூகோஸ்லாவியா சிதைந்தபோது, குரோவேஷியாவில் ஸெர்பியர் 1991-ல் பிரகடனம் செய்த கிராயினாவுக்கு இவ்விவேகம் வாய்க்கவில்லை. முதலில் அங்கிருந்து குரோவேஷியர் விரட்டப்பட்டனர். 1995 ஆகஸ்டில் அதன் பெரும்பகுதி வீழவே, ஸெர்பியர் லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து ஓடினர்.

எல்லையை மாற்றவே கூடாதென்று நாம் கூறவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்தன. அதற்கும் உயிர்கள் பலியாயின, ஆயினும் முடிவு சட்டத்தின் வழியே வந்தது, அயலான் அகதியாகவில்லை.

கொடி தைக்க ஒரு நாள் போதும். அயலானோடு வாழப் பழகுவதற்கோ தலைமுறைகள் வேண்டும். பிரிவினை பேசுவோர் இதைச் சிந்திப்பாராக!